வெற்றி யாருடைய கணக்கில்?

355 வெற்றி, 21 தோல்வி, 5 சமநிலை! கல்லூரி மற்போர்ப் பயிற்சியாளர் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்கள் இவை. அமெரிக்க நாட்டு அயோவா பல்கலைக்கழகத்தில், 1976-77 தொடங்கி 1996-97 முடிய, 21 பருவங்கள் பயிற்சியாளராக விளங்கிய டான் கேபிள் என்பாரின் கணக்கு இது. அந்த 21 பருவங்களில், நாடு தழுவிய கல்லூரிப் பந்தயத்தில் 15 முறை அயோவா அணியே வாகை சூடிற்று. அதிலும் 1978 முதல் 1986 வரை, இடையில் ஓர் ஆண்டும் வழுவாமல், 9 முறை! வட்டாரப் பந்தயத்திலோ 21க்கு 21! ஆசிரியரும் ஏட்டுச் சுரைக்காய் அல்லர். 1972ல் மியூனிச் ஒலிம்பிக் பந்தயத்தில், எதிர்த்து நின்றவர் ஒருவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடாமல் தங்கம் வென்றவர்.

கேட்டதும் கைதட்டத் தோன்றுகிறது. தட்டலாம், தவறில்லை. தட்டிய ஓசை அடங்கிய பிறகு, பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: இந்த வெற்றியிலே, கற்றவன் பங்கு எவ்வளவு, கற்பித்தவன் பங்கு எவ்வளவு?

அயோவா எங்கே, நாம் எங்கே, இந்த ஆராய்ச்சி நமக்கு ஏன் என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் மகன், கைப்பந்தோ, கபடியோ, ஓட்டமோ, ஏதோ ஒன்றிலே திறமை காட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் காலடி எடுத்து வைக்கிறான். அவனை வரவேற்க நிற்பவர் ஒரு பயிற்சியாளர். அவர் கையில்தான் இவனுடைய நான்காண்டு. சில வேளைகளில், நாற்பதாண்டு. அந்தப் பயிற்சியாளரைக் கல்லூரி எதை வைத்து அமர்த்திற்று? எதை வைத்துப் போற்றுகிறது? எதை வைத்து வெளியேற்றும்? கண்ணாடிப் பேழையில் அடுக்கிய கோப்பைகளை எண்ணித்தான்! கோப்பை எண்ணும் முறையில் கோளாறிருந்தால், அடிபடுவது அந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் வாழ்வு. ஆகவேதான் இந்த ஆராய்ச்சி.

முதலில் அயோவாவின் கணக்கையே சற்றுக் கிளறிப் பார்ப்போம். கேபிள் பொறுப்பேற்பதற்கு முன்பே, கேரி கர்டெல்மையர் என்பவர் தலைமையில், 1975லும் 1976லும் அந்த அணி நாட்டின் முதலிடத்தைப் பிடித்துவிட்டது. கேபிள் அப்போது துணைப் பயிற்சியாளர். ஆக, அவர் பெற்றது வெறும் நிலமன்று, விளைந்து நின்ற வயல். அவர் விலகிய பிறகு? ஜிம் ஜலெஸ்கி பொறுப்பேற்றார். 1998, 1999, 2000 ஆகிய மூன்றாண்டும் அயோவாவுக்கே வெற்றி! 'பார்த்தீர்களா, கேபிள் இல்லாமலும் வென்றார்கள், அவர் புகழெல்லாம் பொய்' என்பர் ஒரு சாரார். 'பார்த்தீர்களா, அவர் இட்ட அடிப்படை எத்துணை உறுதி, அவர் போன பின்னும் வென்றார்கள்' என்பர் மற்றொரு சாரார். அதே மூன்று கோப்பைகள், அவரைத் தாழ்த்தவும் பயன்படுகின்றன, உயர்த்தவும் பயன்படுகின்றன! இரு பக்கமும் சாட்சி சொல்லும் ஒருவனை எந்த வழக்குமன்றமும் நம்பாது. கோப்பையும் அப்படிப்பட்ட சாட்சியே.

இன்னொன்று. வெற்றி பெறும் அணிக்கு நாடெங்குமிருந்து நல்ல மல்லர்கள் தாமாகவே வந்து சேர்வர். பள்ளியில் பெயரெடுத்த இளைஞன் அயோவாவைத் தேடி வருவானா, தோற்றுக்கொண்டே இருக்கும் கல்லூரியைத் தேடிப் போவானா? வந்தவன் வல்லவன்; வென்றான்; அவன் வென்றதைக் கண்டு அடுத்த வல்லவன் வந்தான். இந்தச் சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால், இடையில் நிற்கும் ஆசிரியர் அச்சாணியா, அச்சில் ஒட்டிய தூசியா என்று தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது அரிது.

கேபிளைப் பொறுத்தவரை, நம்மைக் கவர்ந்தது அந்த 9 தொடர் வெற்றியல்ல, 1987! பத்தாவது வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது அணி வீழ்ந்தது. 1988, 1989, 1990 ஆகிய மூன்றாண்டும் பிறர் கையில் கோப்பை. சக்கரம் நின்றுவிட்டது. நின்ற சக்கரத்தை 1991ல் மீண்டும் சுழலவிட்டு, 1997க்குள் மேலும் 6 முறை வென்று காட்டினார். காற்றடித்த பக்கம் கப்பல் ஓடும்போது மாலுமியின் திறமை தெரிவதில்லை. அவரை மதிப்பதாயின், அந்த நான்காண்டுத் தோல்விக்குப் பிறகு அவர் செய்ததைக் கொண்டு மதிப்பதே முறை. ஆனால் எந்தப் புகழ்மாலையிலாவது, '1987ல் தோற்றவர்' என்ற பூ கோக்கப்படுகிறதா?

திருவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்றோர் ஊர் உண்டு. தீபத்தால் பெயர்பெற்ற வடக்குத் திருவண்ணாமலை அன்று. சிறு குன்றின்மீது பெருமாள் கோயில் கொண்டது. 'தென்திருப்பதி' என்பர் சுற்றுவட்டாரத்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் மக்கள் திரள் திரளாய்ப் படியேறுவர். நோய் தீர்ந்தவர் வருகிறார், வழக்கு வென்றவர் வருகிறார், பிள்ளை பிறந்தவர் வருகிறார், நேர்ந்துகொண்டதைச் செலுத்துகிறார். படியோரம் நின்று வருவோரைக் கணக்கெடுப்பவன், 'அடடா, வேண்டியதெல்லாம் கிடைக்கிறதே' என்றுதான் முடிவுக்கு வருவான். வேண்டிக்கொண்டும் நோய் தீராதவர் அந்தப் படியில் ஏறமாட்டார். ஏறாதவரை எண்ணுவார் யார்? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க நாட்டுத் தையாகரசு என்ற நாத்திகரைப் பற்றி இப்படியொரு செய்தியை ரோமானியர் சிசரோ எழுதி வைத்தார். கடற்புயலில் வேண்டுதலால் தப்பியோரின் ஓவியங்களை அவருக்குக் காட்டினார்களாம்; வேண்டிக்கொண்டும் மூழ்கியோரின் ஓவியம் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

கோயிலைப் பற்றிப் பேச இந்தக் கதையை எடுக்கவில்லை. கோப்பைப் பேழையைப் பற்றிப் பேசவே எடுத்தோம். பயிற்சியாளரின் சுவரிலே தொங்கும் நிழற்படங்கள் கரையேறியவர்களின் ஓவியங்கள். முழங்கால் முறிந்து முதலாண்டிலேயே வீடு திரும்பியவன், 'உனக்கு இது வராது' என்று ஒரே சொல்லில் துரத்தப்பட்டவன், ஆடுகளத்தையே நம்பிப் படிப்பைக் கோட்டைவிட்டு, இன்று இரண்டும் இல்லாமல் நிற்பவன் ஆகியோரின் படம் எந்தச் சுவரில்? நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டும் சில பள்ளிகளின் கதையும் நாம் அறிந்ததே. தேறமாட்டான் எனத் தோன்றும் மாணவனைத் தேர்வுக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால், நூற்றுக்கு நூறு தானே வந்து சேர்கிறது! கற்பித்ததால் வந்த நூறா, கழித்ததால் வந்த நூறா? பதாகையில் அந்த விவரம் இராது.

கழித்தல் என்றதும் நினைவுக்கு வருபவர் ஒருவர் இருக்கிறார்; இந்நாட்டுப் பயிற்சியாளர் குலத்துக்கே மூலவராகத் தூக்கிவைக்கப்பட்டிருப்பவர்! இந்திய அரசு, சிறந்த பயிற்சியாளருக்கென 1985ல் ஒரு விருது ஏற்படுத்திற்று. முதலாண்டில் அதனைப் பெற்ற மூவரில் ஒருவர் மற்போர்ப் பயிற்சியாளர் பால்சந்திர பாஸ்கர் பாகவத். மற்றொருவர் ஓட்டவீராங்கனை பி.டி.உசாவின் ஆசிரியர் நம்பியார். மூன்றாமவர் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஓம் பிரகாசு பரத்வாசு. உழைத்தவர்கள்; அவர்களைப் போற்றியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் விருதுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? துரோணாச்சாரியார்!

கதை எல்லோரும் அறிந்தது. வேடர் குலத்து ஏகலைவன் கற்க வந்தான். குலத்தைக் காட்டிக் கதவடைத்தார் துரோணர். அவன் காட்டிலே மண்ணால் உருச்சமைத்து, தானே பயின்று, தேர்ந்தான். 'உனக்கிணை வில்லாளி இல்லை' என்று அருச்சுனனுக்குக் கொடுத்த வாக்கு பொய்த்துவிடும் என்றதும், கற்பிக்காத ஆசிரியர் காணிக்கை கேட்டார். வலக்கைப் பெருவிரல் போயிற்று. கற்பனைக் கதைதானே என்று தள்ளலாம். தள்ளவேண்டிய கதையைத் தலைநகரில் வெண்கலச் சிலையாக வார்த்துத் தருகிறார்களே!

இந்தக் கதையை இதுவரை குலக்கொடுமைக்குச் சான்றாக எடுத்துரைத்திருக்கிறோம், அது சரியே. இங்கே அதன் இன்னொரு பக்கத்தைப் பார்க்க வேண்டும். துரோணரின் சாதனைப் பட்டியலை மட்டும் எடுத்துப் படித்தால் குறையே தெரியாது! ஈடிணையற்ற வில்லாளியை உருவாக்கியவர் என்றுதான் ஏடு சொல்லும். 'என் மாணவனுக்கு இணையில்லை' என்ற நிலையை அடைய இரண்டு வழிகள் உண்டு: மாணவனை உயர்த்துவது ஒன்று, இணையாக வருபவனின் விரலை வாங்கிக்கொள்வது மற்றொன்று. இரு வழியில் எதில் சென்றாலும் பட்டியலில் பதிவது ஒரே எழுத்துத்தான். கோப்பையை மட்டும் எண்ணுகிறவன், துரோணரையும் நல்லாசிரியரையும் வேறுபடுத்திக் காட்ட வகையற்றவன். இன்று விரலை யாரும் கேட்பதில்லை. தெரிவுப் போட்டியின் தேதியை ஒருவனுக்குச் சொல்லாமல் விட்டாலே போதும். செலவும் குறைவு, குருதியும் இல்லை!

இதற்கு நேர்மாறான கதை ஒன்று, கட்டுக்கதை அன்று, நடந்தது, மராட்டிய மண்ணிலே இருக்கிறது. சாத்தாரா மாவட்டத்துக் கோலேசுவர் என்ற சிற்றூரில் 1926ல் பிறந்தவர் கசாபா ஜாதவ். தந்தையே மல்லர், மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் படித்தார். 1948ல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது, மண்களத்தில் பழகிய அவருக்கு மெத்தை விரித்த களமே புதிது; ஆறாம் இடம் பெற்றார். அங்கே அவருக்குப் பயிற்சி தந்தவர் ரீசு கார்ட்னர் என்ற வெளிநாட்டார். 1952ல் ஹெல்சிங்கி செல்ல வேண்டும், கையில் பணமில்லை. ஊரார் திரட்டினர், போதவில்லை. கல்லூரி முதல்வர் கர்திகர், தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் சென்றார், வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிவீரர் ஒருவர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது! அடுத்த தனிவீரர் பதக்கம் வர 1996 ஆயிற்று. மற்போரில் அடுத்தது 2008ல்; 56 ஆண்டுகள் கழித்து!

ஊர் திரும்பியவரை நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் அணிவகுத்து வரவேற்றன. அவர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? மற்போர்ப் பந்தயங்கள் நடத்திப் பணம் ஈட்டி, முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

இப்போது நம் கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்போம். அந்த வெண்கலம் யார் கணக்கில்? மண்ணில் புரளக் கற்றுத்தந்த தந்தைக்கா? மெத்தையில் நிற்கக் கற்றுத்தந்த வெளிநாட்டாருக்கா? கல்லூரி ஆசான்களுக்கா? மற்போர்ப் பிடி ஒன்றுகூடக் கற்றுத்தராமல், குடியிருந்த வீட்டைப் பணயம் வைத்த முதல்வருக்கா? இன்றைய விருதுக்குழுவின் படிவத்தில் 'மாணவருக்காக அடகு வைத்த சொத்து' என்று ஒரு கட்டம் இல்லை! கர்திகர் எந்தப் பட்டியலிலும் பயிற்சியாளர் அல்லர். ஆனால் அவர் இல்லையேல் ஹெல்சிங்கி இல்லை. தோற்றுத் திரும்பியிருந்தால்? வீடு போயிருக்கும், 'ஏமாளி முதல்வர்' என்ற பட்டம் வந்திருக்கும். அவர் செய்த செயலின் மேன்மை, ஜாதவ் ஒரு பிடியில் வழுக்குவதையும் வழுக்காததையும் பொறுத்து மாறிவிடுமா? மாறாது என்றால், முடிவை வைத்து மட்டும் ஆசிரியரை அளக்கும் முறை அங்கேயே உடைந்துபோகிறது.

அரசு அந்த வீரரை எப்படி மதித்தது என்பதையும் சொல்லிவிடுவோம். 1955ல் காவல்துறையில் துணை ஆய்வாளர் வேலை. 1984ல் சாலை விபத்தில் சாவு. அருச்சுனன் பெயரிலான விருது வந்தது, செத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு. இங்கேயும் அருச்சுனனே! தேசிய விளையாட்டு விருதுகளில் விரலிழந்தவன் பெயரில் ஒன்றில்லை.

சாதனை வேட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மற்போர்க் களமே கொடிய சான்று ஒன்றைத் தருகிறது. மற்போரில் எடைக்கேற்பப் பிரிவு உண்டு. 60 கிலோ உடையவன் 55 கிலோப் பிரிவில் புகுந்தால், தன்னிலும் சிறியவனோடு மோதலாம், வெற்றி எளிது. ஆகவே பந்தயத்துக்கு முந்திய நாள்களில் உண்ணாமல், நீர் அருந்தாமல், இரப்பர்ச் சட்டை மாட்டிக்கொண்டு, வெப்ப அறையில் ஓடி, உடம்பின் நீரை வற்றடிப்பர். 1997ன் இறுதியில், அமெரிக்காவில் மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள், ஆறு வாரங்களுக்குள், இப்படி எடை குறைக்கும் முயற்சியில் மாண்டனர். கேபிளின் அணியினர் அல்லர் அவர்கள். அவர் அதற்குள் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். ஆனால் அந்த நாட்டுக் கல்லூரி மற்போர் முழுவதிலும் ஊறிப்போயிருந்த பழக்கம் அது. மூவர் செத்த பிறகுதான் வெப்ப அறைக்கும் இரப்பர்ச் சட்டைக்கும் தடை வந்தது. பருவத் தொடக்கத்திலேயே, உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று சோதித்து, இதற்குக் கீழே இவன் எடை இறங்கக்கூடாது என வரம்பு கட்டினர். எத்தனை ஆண்டுகள், எத்தனை பயிற்சியாளர்களின் 'சாதனை' அந்த வற்றிய உடம்புகளிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டதோ!

நம் இராசபாளையத்து நாயின் கதையும் இதைப் போன்றதே. பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு: அதுதான் சுத்த இனத்தின் அடையாளம் என்று வெள்ளையையே குறிவைத்து இனம் பெருக்கினார்கள், செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அளந்தவர்களுக்குக் காது கேளாததை அறிய நாளாயிற்று. மனிதரை நாயோடு ஒப்பிட்டுவிட்டோமே என்று யாரும் வருந்த வேண்டாம், வருந்தவேண்டியது நாய்தான்.

2024 ஆகஸ்டில் பாரிசில் நடந்ததை நாடே பார்த்தது. வினேசு போகத், பெண்கள் 50 கிலோப் பிரிவில், பன்னாட்டுப் பந்தயங்களில் அதுவரை தோல்வியே அறியாத சப்பான் வீராங்கனை யூயி சுசாகியை வீழ்த்தி, அன்றே இறுதிப் போட்டிவரை ஏறினார். மறுநாள் காலை எடை பார்த்தபோது 100 கிராம் மிகுதி! தகுதி நீக்கம். பதக்கமில்லை, மேல்முறையீடும் தள்ளப்பட்டது. கோப்பை எண்ணும் ஏட்டில் இதற்கு எழுதப்படுவது சுழியம். சுசாகி வீழ்ந்தது பொய்யா? அன்று மாலைவரை பயிற்சியாளர் மேதை, மறுநாள் காலை 100 கிராமால் அவர் மூடரா?

'அப்படியானால் வெற்றியே வேண்டாம் என்கிறீர்களா? தோற்றுக்கொண்டே இருக்கும் ஆசிரியரைத் தோளில் தூக்கச் சொல்கிறீர்களா?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. விடை: இல்லை. வெற்றியை வெறுப்பது தமிழர் மரபன்று. ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய பாட்டைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. அந்த வெற்றியை அவனோடு மாறுபட்டிருந்த தந்தை தித்தன் காணவேண்டும் என்பது புலவரின் ஏக்கம். வென்றவனைப் பாடினார்கள், பாடட்டும். திறமையற்ற ஆசிரியர் சிலர், 'என் மாணவர் கோப்பை பெறவில்லை, ஆனால் பண்பு பெற்றனர்' என்று சொல்லிச் சோம்பலுக்குச் சால்வை போர்த்துவதும் நாம் அறியாததல்ல. காலை ஆறு மணிக்குக் களத்துக்கு வராதவர், மாணவனின் பண்பைப் பற்றிப் பேச வாயற்றவர்.

நாம் கேட்பது வேறு. இவன் வரும்போது எந்த நிலையில் வந்தான், போகும்போது எந்த நிலையில் போனான்? அந்த இடைத்தூரம்தான் ஆசிரியரின் பங்கு. மாநில வாகையனாக உள்ளே வந்து மாநில வாகையனாகவே வெளியே போனவனைப் பெற்ற கல்லூரிக்குக் கோப்பை உண்டு. ஆசிரியருக்கு என்ன உண்டு? மாவட்டத்தில் கடைசியாக வந்தவனை மாநிலத்தில் நாலாம் இடத்துக்குக் கொண்டுவந்தவருக்குக் கோப்பை இல்லை. ஆனால் கற்பித்தல் என்ற தொழிலை மெய்யாகவே செய்தவர் அவரே. இந்தக் கணக்கைப் போட இருபுறமும் எழுதிய ஏடு வேண்டும்: நுழையும் நாளின் அளவு, வெளியேறும் நாளின் அளவு, நடுவில் நின்றவர்களின் பெயர், நின்றதன் காரணம், காயம் பட்டவன் ஆறிவரக் கொடுத்த நாள்கள். கடினமான ஏடன்று, மளிகைக் கடைக்காரர் எழுதுகிற ஏடுதான். அவர் வரவோடு செலவையும் எழுதுகிறார். கல்லூரியோ வரவை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டுச் செலவை மறந்துவிடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராசனை நினைத்துப் பாருங்கள். 2006ல் தோகா ஆசியப் பந்தயத்தில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தனர். 2012ல் செங்கற்சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு முறையாகப் பயிற்சியாளர் படிப்பு முடித்து, 2016ல் தமிழ்நாட்டு அரசின் பயிற்சியாளரானார். பதக்கப் பட்டியலில் அந்தப் பந்தயத்தில் அவர் பெயர் இல்லை. அவரிடம் ஓடக் கற்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டியலால் ஆவதென்ன? சூளையிலிருந்து களத்துக்குத் திரும்பிவரத் தெரிந்த ஒருவர் தன் பக்கத்தில் நிற்கிறார் என்பது, ஓடுகிற அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

கல்லூரிகளில் ஆண்டுவிழாப் பருவம் வரும். பேழை துடைக்கப்படும், பயிற்சியாளருக்குச் சால்வை போர்த்தப்படும், எண்கள் ஒலிபெருக்கியில் முழங்கும். மாணவத் தோழர்கள் கைதட்டட்டும். விழா முடிந்து கூட்டம் கலைந்ததும், அவரிடம் சென்று, பணிவோடு, மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்து இன்று களத்தில் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயர்களை அவர் நினைவிலிருந்து சொல்கிறாரா, ஏட்டைப் புரட்டித் தேடுகிறாரா, உங்களை முறைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.